நடுவில் ஒரு சின்னத் தட்டு: மகளுக்குப் பேறு பார்க்கப் போன கதை

இதை எழுத எனக்கு ஏழு வருஷம் ஆனது. நோட்டை எடுப்பேன், பிள்ளையார் சுழி போடுவேன், அதோடு மூடி வைத்துவிடுவேன். பத்தாவது வரை படித்தவள். எழுத்து வராமல் இல்லை, தைரியம் வரவில்லை.

என் மகள் கயல்விழிக்குப் பேறு பார்க்க ஜெர்மனிக்குப் போனேன். பேத்தியைக் கையில் வாங்கினேன். அவள் அழவே இல்லை. உயிரில்லாமல் பிறந்தாள். இது எங்கள் குன்னம் பக்கத்து ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் சொல்கிற கதையில் குற்றம் என் மகள் மேல் இருக்கிறது. நடந்தது அது இல்லை. திருமழபாடி ஈஸ்வரன் அறிய, நடந்தபடியே எழுதுகிறேன்.

விமானம் ஏறியதும் இறங்கியதும் எல்லோருக்கும் நடப்பதுதான். இறங்கின இடத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். சுக்கு, மல்லிப்பொடி, பிரசவ லேகியம், என் வீட்டுக்காரரின் பழைய வேட்டியைத் துவைத்துக் கிழித்த துணிகள், அடியில் சின்ன வெங்காய வடகம். எங்கள் கொல்லைக்காட்டில் விளைந்த வெங்காயம். விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து காயவைத்தது. அதிகாரி ஒரு உருண்டையை எடுத்து மூக்கில் வைத்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது. பக்கத்தில் நின்றவர் இரண்டு அடி பின்னால் போனார். “சாப்பிடற சாமானான்னு கேக்கறாங்க” என்று வரிசையில் நின்ற கேரளப் பெண் ஒருத்தி சொன்னாள். நான் வாயைத் திறந்து மென்று காட்டினேன். போ, போ என்று கையைக் காட்டிவிட்டார்.

மாப்பிள்ளை ஜெயங்கொண்டம் பக்கத்துப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை. அவர்தான் அழைக்க வந்திருந்தார். கயல் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வாசலில் நின்றாள்.

“அம்மா, கறுத்துட்ட.”

“வெயில்ல வெங்காயம் புடுங்கினா கறுக்காம வெளுக்குமாடி?”

உள்ளே ஒரு சின்ன அறை. அதில் மரக் கட்டில், தொட்டில் மாதிரி நாலு பக்கமும் கம்பி. அதன்மேல் அடுக்கடுக்காகக் குழந்தைச் சட்டைகள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மஞ்சள் கம்பளித் தொப்பி, பெரிய சாத்துக்குடி அளவுக்கு. கயலே பின்னியது. பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில்கூட ஊசியைக் கையில் தொடாத பெண், அந்த ஊர்க் குளிரில் உட்கார்ந்து, மூன்று தரம் பிரித்து மறுபடி பின்னினாளாம்.

நான் எதையும் தொடாமல் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

“ஏன்டி, இதெல்லாம் இப்பவே எதுக்கு?”

“அப்பறம் எப்பம்மா வாங்கறது? இங்க புள்ள பொறந்தா ரெண்டு மூணு நாள்ல வூட்டுக்கு அனுப்பிடுவாங்க.”

“பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு நூலுகூட வாங்கக் கூடாது. பழைய வேட்டி கொண்டாந்திருக்கேன். மொதல்ல அதுலதான் சுத்தணும்.”

“எனக்கு இந்தப் பயமெல்லாம் இல்லம்மா.”

“நீ பயப்பட வேணாம். நான் பயந்துக்கறேன்.”

மாப்பிள்ளை, “அத்தை சொல்றதும் சரிதான், நீ சொல்றதும் சரிதான்” என்றார். “இவரு எந்தக் கட்சியில நின்னாலும் டெபாசிட் போயிடும்” என்று கயல் சிரித்தாள். பெயர்கூட முடிவு செய்துவிட்டோம் என்று சொல்ல வந்தாள். நான் காதைப் பொத்திக்கொண்டேன். கடைசியில் அவளே இறங்கி வந்தாள். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். “இங்கதான் இருக்கும். உன் கண்ணுல படாது, அவ்ளோதான். சரியா?” சரி என்று தலையாட்டினேன்.

அன்றைக்கே வீட்டுக்காரருக்குப் போன் போட்டுப் புலம்பினேன். “உங்க மவ தொட்டிலு, சட்டை எல்லாம் வாங்கி வச்சிருக்கா.” அவர், “அந்த ஊரு வழக்கம் அப்படியோ என்னமோ, நீ வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரு” என்றார். பக்கத்தில் என் நாத்தனார் இருந்ததை அவர் சொல்லவில்லை.

அடுத்த நாள் தெருவைப் பார்த்தேன். சத்தமே இல்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு நிமிஷத்தில் கேட்கிற சத்தம் அங்கே ஒரு மாதத்துக்கும் கேட்காது. ரொட்டி வாங்கி வந்தார்கள். அதை அறுக்க அரிவாள்மணைதான் வேண்டும். வடகத்தைப் போட்டுக் குழம்பு தாளித்தேன். மாடிப்படியில் இறங்கிப்போன யாரோ நின்று, கதவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கயல் மூன்று தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

அவள் வேலை என்ன என்று ஊரில் கேட்டால், நட்சத்திரம் பார்க்கிறாள் என்பேன். ஜாதகமா என்று கேட்டவர்கள் உண்டு. மூன்றாம் நாள் அவளிடமே கேட்டேன். பிரசவத்துக்கு முன்னால் ஒரு கட்டுரையை முடித்துவிட வேண்டும் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். திரையில் வட்டமாக ஒரு படம்.

“இது நம்ம பால்வீதி மாதிரி இன்னொரு பெரிய நட்சத்திரக் கூட்டம்மா. நடுவுல நீளமா ஒரு தண்டு மாதிரி தெரியுதா? அதுவும் நட்சத்திரங்கதான். அந்தத் தண்டு சுத்தும். வெளியில சுத்திக்கிட்டிருக்கற வாயு அதுகிட்ட வந்து மோதி, சுத்தற வேகம் கொறஞ்சு, நடுவப் பாத்து எறங்கும்.”

“எறங்கி?”

“ஒரேயடியா நடுவுல போயி விழாது. கொஞ்சம் முன்னாடியே நின்னு வளையமா சுத்த ஆரம்பிக்கும். அங்க நெருக்கமாயி, குளுந்து, புதுசா நட்சத்திரம் பொறக்கும். அந்த வளையம் வர வர வெளிப்பக்கமா விரியும். பொறந்ததெல்லாம் சேந்து தோச மாதிரி தட்டையா ஒரு சின்னத் தட்டு. பெரிய தட்டுக்கு நடுவுல குட்டித் தட்டு. அப்படித்தான் உருவாகுதுன்னு நெறய பேரு நெனைக்கறோம். அத அளந்து பாக்கறதுதான் என் வேலை.”

எனக்குத் திருமழபாடி நந்தி கல்யாணத் திருவிழா ஞாபகம் வந்தது. வெளிப் பிராகாரத்தில் ஜனம் தன் போக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். குறுக்கே சவுக்குக் கழி கட்டியிருப்பார்கள். கழியில் மோதின கூட்டம் சுற்ற முடியாமல் அதை ஒட்டியே உள்ளே தள்ளப்படும். ஆனால் மூலஸ்தானத்துக்குள் யாரும் போக முடியாது. சந்நிதியைச் சுற்றி உள்பிராகாரத்தில் நெருக்கியடித்துச் சுற்றும். அங்கேதான் விளக்கு ஏற்றுவார்கள், ஒன்று பத்தாகும், பத்து நூறாகும். இதைச் சொன்னதும் கயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“அம்மா, இத எங்க சார்கிட்ட சொல்லணும்.”

“சொல்லு. எம் பேரையும் போடு.”

“போடறேன். பத்தாங்கிளாஸ், குன்னம் தாலுக்கான்னு சேத்தே போடறேன்.”

ஐந்தாம் நாள் கோயிலுக்குக் கிளம்பினேன். இலங்கைத் தமிழர்கள் கட்டின அம்மன் கோயில், வேறு ஊரில். மாப்பிள்ளை ரயிலின் முன்பெட்டியில் ஏற்றிவிட்டு, இறங்குகிற இடத்தில் கோயில்காரர் ஒருவர் நிற்பார் என்றார். பக்கத்தில் உட்கார்ந்தவர் கறி ரொட்டியைப் பிரித்தார். கோயிலுக்குப் போகிறோமே என்று எழுந்து பின்பெட்டிக்குப் போய்விட்டேன். அந்த ஊர் ரயில் நடுவழியில் இரண்டாகப் பிரியும் என்பது எனக்கு எப்படித் தெரியும்? முன்பாதி கோயிலுக்குப் போயிற்று. பின்பாதி என்னைத் தூக்கிக்கொண்டு எங்கேயோ போயிற்று.

இறங்கின இடத்தில் ஸ்டேஷன் என்று ஒரு கூரை, ஒரு பெஞ்சு. சுற்றிலும் மக்காச்சோளம். குன்னத்தில் நிற்கிற மாதிரியே கதிர் தள்ளி நின்றது. ஒரு நிமிஷம் பயம்கூடப் போய்விட்டது. நாயைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு அம்மாவிடம் மாப்பிள்ளை நம்பர் எழுதின சீட்டைக் காட்டினேன். அவர் போன் போட்டுக் கொடுத்தார். எதிர் ரயில் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நான் சோளத்தைக் காட்டி, என் நெஞ்சைக் காட்டி, “எங்க ஊரு, எங்க ஊரு” என்றேன். அவரும் சோளத்தைக் காட்டி, தன் நெஞ்சைக் காட்டினார். அது அவருடைய கொல்லைக்காடு போலிருக்கிறது.

அர்ச்சனை செய்யாமல் திரும்பினேன். அது என் மனதில் முள்ளாக நின்றது. சாமி முகம் பார்க்க விடவில்லை, வீட்டில் ஏதோ குறை இருக்கிறது என்று நினைத்தேன். குறை எது என்று தேடினால் கட்டிலுக்கு அடியில் இருந்த பைதான் கண்ணில் வந்து நின்றது.

தெருமுனையில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புப் பெட்டி. அதில் துணி போட்டால் இல்லாதவர்களுக்குப் போகும் என்று கயல் முன்பே சொல்லியிருந்தாள். ஏழாம் நாள் காலையில் அவள் கடைசியாக ஒரு தரம் ஆபீஸ் போனாள். மாப்பிள்ளையும் இல்லை. பையை எடுத்துக்கொண்டு போனேன். தானமாகப் போகட்டும், பேத்தி பிறந்ததும் இதைவிட நல்லதாக வாங்கலாம் என்றுதான் நினைத்தேன். மூடியை இழுத்துப் பையை வைத்தால் அதுவே சுழன்று உள்ளே தள்ளிவிடுகிறது. தொம்மென்று விழுந்த சத்தம் கேட்டது. ஈஸ்வரா, இனி உன் பொறுப்பு என்று கும்பிட்டுவிட்டு வந்தேன். அன்றைக்கு என் மனசு லேசாக இருந்தது. இதை மறைக்காமல் எழுத வேண்டும்.

அதற்கு மூன்றாம் நாள் காலையில் கயல் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். “அம்மா, எழுந்ததுல இருந்து அசையவே இல்ல.”

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்தார். நகர்த்தி வைத்துப் பார்த்தார். பிறகு இன்னொரு டாக்டரை அழைத்தார். அவரும் பார்த்தார். பாஷை தெரியாத எனக்கே தெரிந்துவிட்டது.

மறுநாள் மதியம் பிறந்தாள். முழு வளர்ச்சி. தலை நிறைய முடி. தூங்குகிற மாதிரிதான் இருந்தாள். எங்கள் பக்கத்தில் இப்படிப் பிறந்தால் பெற்றவளுக்குக் காட்ட மாட்டார்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

“பாக்காத சாமி. பாத்தா மறக்காது.”

“மறக்கணும்னு யாரும்மா சொன்னா?” என்று கையை நீட்டினாள்.

நரைத்த தலையோடு ஒரு நர்ஸ், ரொம்பப் பொறுமைசாலி. குழந்தையைத் துடைத்து அவள் மார்பில் வைத்தார். எங்கள் நாட்டில் இப்படிப் பிறக்கிற பிள்ளைகளை நட்சத்திரக் குழந்தை என்று சொல்வோம் என்றாராம். அதைக் கேட்டதும் கயல் அழுகையை நிறுத்திவிட்டு, தமிழில், எங்களைப் பார்த்துச் சொன்னாள். “எனக்கு நட்சத்திரம் தெரியும். அதுக்கு நகம் கெடையாது. எம் பொண்ணுக்கு நகம் இருக்கு, பாருங்க.” பத்து விரலையும் பிரித்துக் காட்டினாள்.

பெயர் என்ன, உடை கொண்டுவந்திருக்கிறீர்களா என்று நர்ஸ் கேட்டார். நான் காதைப் பொத்திக்கொண்ட பெயரை அப்போதுதான் கேட்டேன். அதை இங்கே எழுதவில்லை, அது அவர்கள் இருவருக்கும் உரியது. பிறகு கயல் மாப்பிள்ளையிடம் சொன்னாள். “கட்டிலுக்கு அடியில பை இருக்குங்க. மஞ்சத் தொப்பி அதுலதான் இருக்கு. எடுத்துட்டு வாங்க.”

அவர் வெளியே போனார். நான் பின்னாலேயே ஓடி, வராந்தாவில் நிறுத்தி, பையைப் போட்டுவிட்டதைச் சொன்னேன். அவர் சுவரில் சாய்ந்துவிட்டார். “அத்தை…” என்றார். ஒரு தரம் திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

இரண்டு பேரும் அந்த இரும்புப் பெட்டிக்குப் போனோம். அவர் கையை விட்டார். மூடி தோளுக்கு மேல் விடவில்லை. நானும் விட்டுப் பார்த்தேன். தடி ஊன்றி வந்த ஒரு பெரியவர் எங்களை அதட்டினார். திருடுகிறோம் என்று நினைத்திருக்கிறார். மாப்பிள்ளை அவர் பாஷையில் இரண்டு வரி சொன்னார். பெரியவர் தடியை என் கையில் கொடுத்துவிட்டு, மேல்சட்டையைக் கழற்றி, தன் நீளமான கையைத் தோள்வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவினார். துருவில் உரசி ரத்தம் வந்தது. அப்போதும் கையை எடுக்கவில்லை. பெட்டியின் மேல் இருந்த நம்பருக்கு மாப்பிள்ளை போன் போட்டார். முந்தின நாளே காலி செய்துவிட்டார்களாம்.

மாப்பிள்ளை, “நான் சொல்லிக்கறேன் அத்தை” என்றார். “வேணாம் மாப்ள. செஞ்சது நான். நானே சொல்றேன்” என்றேன்.

சொன்னேன்.

“எல்லாத்தையுமா?” என்றாள் கயல்.

“எல்லாத்தையும்.”

“தொப்பியயுமா?”

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். குழந்தையையும் சேர்த்துத் திருப்பிக்கொண்டாள்.

நர்ஸ் ஒரு சின்ன வெள்ளை உடை கொண்டுவந்தார். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்காக அந்த ஊர்ப் பெண்கள் தங்கள் கல்யாண உடையைக் கொடுத்து, வெட்டித் தைத்து ஆஸ்பத்திரிகளுக்குத் தருவார்களாம். யார் பெற்ற பிள்ளைக்கோ யாரோ தைத்தது. நானோ பெற்றவள் பின்னினதைத் தூக்கிப் போட்டவள். கயல் அந்த உடையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, “அப்பா வேட்டி கொண்டாந்தியே, அதக் குடு” என்றாள். அதில்தான் சுற்றினோம். என் கையால் சுற்றவில்லை. அவளே சுற்றினாள்.

எங்கள் ஊரில் பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. அங்கே போனேன். பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு தோட்டம் மாதிரி வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை அந்தச் சின்னப் பெட்டியைத் தன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார், தூக்க ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நான் தேவாரம் சொல்ல வாயெடுத்தேன். பாதியில் நின்றுவிட்டது. அதிலிருந்து எனக்கு அந்தப் பதிகம் பாதிதான் வருகிறது.

மீதி நாட்களில் பத்தியச் சாப்பாடு சமைத்தேன். சாப்பிட்டாள். தலைக்கு எண்ணெய் தேய்க்க விட்டாள். பேச்சு மட்டும் இல்லை. பால் கட்டிக்கொண்டு வலித்தபோதுகூட என்னிடம் சொல்லவில்லை. நர்ஸுக்குத்தான் போன் போட்டாள். ஒரு நாள் காலையில் மறுபடி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் போய் நின்றேன். அவளாகவே பேசினாள்.

“இந்தக் குட்டித் தட்டுல இருக்கறதுலயே மூத்த நட்சத்திரத்துக்கு என்ன வயசுன்னு கண்டுபுடிச்சா, அந்தத் தண்டு எப்ப உண்டாச்சுன்னு சொல்லிடலாம். தண்டு வந்தப்பறம்தான வாயு எறங்கும்.”

நான் சும்மா இருந்திருக்கலாம். “நமக்கு மட்டும் ஏன்டி இப்படி ஆச்சு? கண்ணு பட்டுதோ? நான் அன்னைக்கு அர்ச்சன பண்ணாம வந்ததாலயோ?” என்றேன்.

நாற்காலியைத் திருப்பி, பத்து நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள். “டாக்டருங்க என்னென்னமோ பாத்தாங்க. காரணம் தெரியலன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. நாங்களும் அப்படித்தான். எப்பன்னு ஓரளவு சொல்லுவோம். இந்தக் கூட்டத்துல தண்டு வந்துச்சு, அந்தக் கூட்டத்துல ஏன் வரலன்னு கேட்டா, முழுசா தெரியலன்னு எழுதுவோம். அதுல எங்களுக்கு வெக்கம் இல்ல. உனக்குத்தாம்மா தெரியலன்னா உடனே யாரு தலையிலயாவது கொண்டுபோயி வக்கணும்.”

நான் திரும்பி வந்தேன். திருச்சியில் இறங்கி, அரியலூரில் ஒரு சாவுவீட்டுக்குத் தலைகாட்டிவிட்டு, ஊருக்கு வந்தேன். நாத்தனார் வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, “முன்னாடியே தொட்டிலு கட்டி, சட்டை வாங்கி அடுக்கிட்டாளாமே அண்ணி. படிச்சவ இல்லியா, நம்ம பேச்சு எங்க ஏறும்?” என்றாள். சுற்றி நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டினேன். அந்த ஒரு தலையாட்டல்தான் ஏழு வருஷமாக ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது.

மூன்று வருஷம் கழித்துக் கயல் மறுபடி உண்டானாள். நான் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வைத்திருந்தேன். அவள் கூப்பிடவில்லை. பேரன் பிறந்ததும் படம் அனுப்பினாள். பின்னால் புதுச் சட்டைகள் அடுக்கியிருந்தன. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறாள், பேரனையும் பேசவைக்கிறாள். வா என்று மட்டும் இன்றுவரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

போன மாதம் திருமானூர் பக்கமிருந்து ஒரு அம்மா என்னைத் தேடி வந்தார். மகளுக்குப் பேறு பார்க்க அயர்லாந்து போகிறாராம், என்னென்ன எடுத்துப்போவது என்று கேட்டார். சுக்கு, லேகியம், வடகம் எல்லாம் சொன்னேன். போகும்போது அவர் சொன்னார். “உங்க பொண்ணு கதையச் சொல்லித்தாங்க எம் மவள அடக்கி வச்சிருக்கேன். ஒரு துணி வாங்கக் கூடாதுன்னுட்டேன். அழுதுகிட்டே எல்லாத்தையும் கடையில திருப்பிக் குடுத்துட்டா.”

அவர் பஸ் ஏறிப் போனபிறகு கயலுக்குப் போன் போட்டேன். எழுதப் போகிறேன் என்றேன். “எழுதும்மா. உன்ன நல்லவளாக்கியும் எழுதாத, என்ன நல்லவளாக்கியும் எழுதாத” என்றாள்.

முதல் பிரதியை அந்தத் திருமானூர் அம்மாவுக்கு அனுப்புகிறேன். வெளிநாட்டுக்குப் பேறு பார்க்கப் போகிற அம்மாக்கள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் அவர்களுக்கும் கொடுங்கள், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆனால் ஒரு வரியையும் மாற்றாதீர்கள். என்மேல் இரக்கப்பட்டு, பாவம் தெரியாமல் செய்துவிட்டாள் என்று சேர்க்க வேண்டாம். எல்லாம் விதி என்று முடிக்கவும் வேண்டாம். என் மகள் சட்டை வாங்கி வைத்ததால் குழந்தை சாகவில்லை. நான் அதைத் தூக்கிப் போட்டதாலும் சாகவில்லை. தாய் பின்னின தொப்பி தலையில் இல்லாமல் அந்தக் குழந்தை மண்ணுக்குப் போனது மட்டும் என்னால்தான். இதை இப்படியே சொல்லுங்கள்.